பூண்டு தின்னாத வாய்

ஸ்ரீரங்கம்,
கீழ உத்திர வீதி,
19-12-1982

ஸ்ரீ:

பேட்ரிசியாவுக்கு,

இங்கு எல்லோரும் சௌக்கியம் என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். இன்று அதை எழுதக் கை வரவில்லை.

பத்து நாளாக நான் லேபுக்கு வராததற்குக் காய்ச்சல் என்று அமிர்தசாமி சாருக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். நம் கைடு ஆயிற்றே, உன்னிடமும் அதையே சொல்லியிருப்பார். காய்ச்சல் ஒன்றும் இல்லை. உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நேரில் கேட்டால் நீ சிரித்து மழுப்பிவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

தீபாவளியன்று நீ இங்கே வந்தபோது ஒரு ஜாடி எலுமிச்சங்காய் ஊறுகாய் கொண்டுவந்தாய். உன் அம்மா எனக்காகப் போட்டது என்றாய். அதில் பூண்டு இருந்ததா?

கோபப்படாமல் மேலே படி. இந்த மாதம் எட்டாம் தேதி காலை குளித்துவிட்டுத் தளிகை பண்ணும் உள்ளுக்கு, எங்கள் சமையலறைக்கு, போனேன். என் மாமியார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னடிம்மா இது, வாயைத் திறந்தா பூண்டு! எங்க போய் சாப்ட்டுட்டு வரே?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பல் தேய்த்துப் பார்த்தேன், ஏலக்காய் மென்றேன், துளசி மென்றேன். போகவில்லை. எனக்கு எதுவும் தெரியவில்லை என்பதுதான் கொடுமை, சுற்றி இருக்கிறவர்களுக்கெல்லாம் தெரிகிறது. இந்த வீட்டில் வெங்காயம்கூட வாசல்படி தாண்டி வந்ததில்லை. மார்கழி பிறந்துவிட்டது, பெருமாளுக்குத் தளிகை பண்ணுகிற இடத்துக்கு நான் போகக் கூடாது. கூடத்தில் தனித் தட்டு. என் கணவர் மட்டும் ரொம்ப மெதுவான குரலில், "சாப்ட்டிருந்தா சொல்லிடேன் வேதா, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்கிறார். மாமியாரின் கத்தலைவிட அந்தக் குரல்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உண்மை வெளிவரும்வரை காலேஜுக்குப் போக வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. மார்ச் கடைசிக்குள் என் கந்தக அளவுகளை முடித்துக் கொடுக்காவிட்டால் என் ஆராய்ச்சிப் பதிவே காலாவதியாகிவிடும், உனக்குத் தெரியும். நாலு வருஷ உழைப்பு.

அந்த ஊறுகாயை நான் இரண்டு நாள் மோர் சாதத்துக்குத் தொட்டுக்கொண்டேன். தெரியாமல் பூண்டு விழுந்திருந்தால் ஒரு வரி எழுதிவிடு. தெரியாமல் நடந்த தப்புக்கு இங்கே பிராயச்சித்தம் உண்டு. அதைச் செய்துவிட்டு மறுநாளே பஸ் ஏறிவிடுவேன்.

வேதவல்லி


மேலப்புதூர்,
திருச்சி,
22-12-1982

சேசு மரி சூசை

வேதா,

நாலு மைல் தூரத்தில் இருந்துகொண்டு தபாலில் கேட்கிறாய். ஒன்றாம் நம்பர் பஸ் ஓடுவதை நிறுத்திவிட்டார்களா?

உன் கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டியிருக்கக் கூடாது. காட்டிவிட்டேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து நின்றார்.

"அந்தப் பொண்ணு வாயில படுறதுன்னு புதுச் சட்டி வாங்கி, கரண்டியும் புதுசா வாங்கி, ரெண்டு நாளு பூண்டு உரிக்காம இருந்தேன் பாப்பா. அதப் போயி இப்படிக் கேட்டிருக்கே!"

பூண்டு இல்லை. ஒரு பல் இல்லை. நீ வேண்டுகிற வரியை நான் எழுதமாட்டேன். என் அம்மா செய்யாததைச் செய்ததாக நான் எழுதிக் கொடுத்தால் உனக்கு விடுதலை, அதுதானே கணக்கு? நாலு வருஷமாக ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். உன் டப்பா பக்கம் என் கை போனதுண்டா? என் டப்பாவில் மீன் இருந்தால் மேஜையின் அந்தக் கோடிக்குப் போய் உட்கார்ந்தவள் நான்.

நீ கேட்டுவிட்டாய். இப்போது நான் கேட்கிறேன்.

நாம் எட்டு மாதம் நைட்ரஜனுக்குள் வைத்துச் செய்த சேர்மம், இதுவரை செலவானது போக, ஆறு குழாய் இருந்தது. இப்போது ஐந்துதான் இருக்கிறது. இரும்பும் பாஸ்பரசும் கைகோத்து நிற்கிற அந்தப் பொருளில் காற்று ஒரு மூச்சுப் பட்டாலும் கெட்டுப் போகும் என்று ஒவ்வொரு குழாயையும் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டோம். அலமாரிக்குச் சாவி இரண்டே இரண்டு. ஒன்று என் இடுப்பில் இருக்கிறது.

நமக்குள் பிரித்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? அந்தச் சேர்மத்தில் கந்தகத்தைப் போட்டால் என்ன ஆகிறது என்று பார்ப்பது நீ. கந்தகத்தின் தம்பிகள் செலினியமும் டெலூரியமும் எனக்கு. உன் பங்குக்கு மூன்று குழாய், என் பங்குக்கு மூன்று. காணாமல் போனது என் பங்கு.

பிச்சமுத்து அண்ணனைக் கேட்டேன். லேப் அட்டெண்டருக்குப் பொய் சொல்ல என்ன அவசியம்? "வேதாம்மா ஆறாந்தேதி, ஏழாந்தேதி ரெண்டு நாளும் அஞ்சரை வரைக்கும் இருந்தாங்க. அரைக்கிற கல்வத்த அவங்களே கழுவி வச்சுட்டுப் போனாங்க. நான் கழுவறேன்னேன், வேணாம்னுட்டாங்க" என்றார்.

உன் கந்தகம் பொடியாகத்தான் பாட்டிலில் வருகிறது. நீ கல்வத்தில் எதை அரைத்தாய்?

போன மாதம் மெட்ராஸிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து பேசிவிட்டுப் போனாரே, உன்னிடம் மட்டும் அரை மணி நேரம் நின்று பேசினார். என்னிடம் மணி என்ன என்றுகூடக் கேட்கவில்லை. என் குழாய் மெட்ராஸுக்குப் போயிருக்கிறதா?

பேட்ரிசியா


ஸ்ரீரங்கம்,
27-12-1982

ஸ்ரீ:

பேட்ரிசியாவுக்கு,

உன் கடிதம் என் கைக்கு வருவதற்கு முன்பே வேறு யாரோ படித்துவிட்டார்கள். இன்லண்ட் லெட்டரின் மடிப்பைச் சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தது. தபால் இலாகாவில் சோறு போட்டு ஒட்டமாட்டார்கள் என்று நினைக்கிறேன். படித்தது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்கள், அப்புறம் அந்தப் பதிலோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு உன் அம்மா முட்டை சேர்க்காமல் அச்சு முறுக்கு செய்து பிச்சமுத்து அண்ணனிடம் கொடுத்தனுப்பியதும், அது வாசலோடு திரும்பிப் போனதும் எனக்குச் சாயங்காலம்தான் தெரியும். நான் கொல்லையில் இருந்தேன். உன் அம்மாவிடம் என் நமஸ்காரத்தைச் சொல். ஏற்றுக்கொள்வாரோ இல்லையோ, சொல்.

இன்னொன்று தெரிந்தது. போன மாதம் முழுக்க என் கணவர் ஆபீஸ் விட்டு வருகிற வழியில் சத்திரம் பஸ் நிலையத்தில் நின்று, நான் எந்தப் பஸ்ஸில் வந்து இறங்குகிறேன் என்று பார்த்திருக்கிறார். மேலப்புதூர் பக்கமிருந்து வருகிறேனா, காலேஜிலிருந்து வருகிறேனா என்று. பூண்டுக்கு முன்பே பார்க்கத் தொடங்கிவிட்டார். அப்படியானால் வாசனை ஒரு சாக்குதான். எனக்கு வேறொரு வாழ்க்கை இருக்கிறது என்று அவருக்கு ஏற்கெனவே தோன்றிவிட்டது. இருக்கிறது, லேபில் இருக்கிறது. அதை எப்படி எடுத்துக் காட்டுவது?

உன் அம்மாவின் ஊறுகாயில் பூண்டு இல்லை என்பதை நம்புகிறேன். எழுதி முடித்து அனுப்பிய அன்றே நம்பினேன். ஆனால் வாசனை போகவில்லையே. இருபது நாள் ஆகிறது. எதைச் சாப்பிட்டாலும் இரும்பு நக்குவது போல் இருக்கிறது, பெருமாள் தீர்த்தம்கூட. வாய் வறண்டு போகிறது, மத்தியானத்தில் உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுகிறேன். மாமியார் அதற்கும் வேறு அர்த்தம் கண்டுபிடித்து, இரண்டு நாள் என்னிடம் பிரியமாக இருந்தார். அது இல்லை என்று தெரிந்ததும் பிரியம் போய்விட்டது.

குழாயைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். மெட்ராஸுக்குப் போகவில்லை, பத்திரமாக இருக்கிறது. கல்வத்தைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுத முடியாது. இதை எத்தனை பேர் படிப்பார்களோ.

வேதவல்லி


மேலப்புதூர்,
2-1-1983

சேசு மரி சூசை

வேதா,

இதை யார் படித்தாலும் எனக்குக் கவலை இல்லை. சோற்றுப் பசைக்காரர்களே, நன்றாகப் படியுங்கள்.

இரும்பு ருசி என்று நீ எழுதியது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. கிறிஸ்துமஸ் லீவில் காலேஜ் லைப்ரரியைத் திறக்கச் சொல்லி, தொழிற்சாலை நஞ்சுகளைப் பற்றிய தடிப் புத்தகத்தை எடுத்தேன். முதலில் கந்தகம் பார்த்தேன், இல்லை. பாஸ்பரஸ் பார்த்தேன், அதில் பூண்டு வருகிறது, ஆனால் நம் சேர்மத்துக்குப் பொருந்தவில்லை. பிறகு டெலூரியம். அரைப் பக்கம்தான். அதன் தூசியை மூச்சில் இழுத்தவர்களுக்கு வாயில் இரும்பு ருசி, வறட்சி, தூக்கம். மூச்சில் பூண்டு வாசனை, வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில். ஒரு கடுகளவு போதுமாம். உயிருக்கு ஆபத்து இல்லை, மனிதர்கள்தான் கிட்டே வரமாட்டார்கள் என்று எழுதியிருக்கிறது.

அந்த வரியைப் படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீ பூண்டு தின்னவில்லை என்று உன் வீட்டில் என்னால் இப்போது நிரூபிக்க முடியும். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து உன் மாமியார் முன்னால் பக்கத்தைத் திறந்து வைத்தால் போதும். ஆனால் அந்தப் பக்கமே இன்னொன்றையும் சொல்கிறது, கவனித்தாயா? டெலூரியம் பாட்டிலை நீ திறந்திருக்கிறாய். கல்வத்தில் போட்டு அரைத்திருக்கிறாய். அது என்னுடைய பாட்டில், என்னுடைய பகுதி. "கந்தகம் சேர்கிறது, செலினியம் மெதுவாகச் சேர்கிறது, டெலூரியம் சேரவில்லை" என்று மூன்றாம் அத்தியாயம் எழுதி, அது டைப்பிஸ்டிடம் போய் ஒரு மாதம் ஆகிறது. நான் கட்டியாகப் போட்டு மூன்று நாள் கலக்கினேன், கரையவில்லை. அதுதான் அங்கே எழுதியிருக்கிறது.

நீ என் பின்னால் நின்று என்னைச் சரிபார்த்திருக்கிறாய். பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவர்கள் இரண்டாவது ஆளை வைத்துத் திருத்திப் பார்ப்பார்களே, அப்படி. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்!

துறையூரில் புதுக் கல்லூரியில் எனக்கு வேலை சொல்லியிருக்கிறார்கள். ஜூனுக்குள் பட்டம் வந்தால்தான் உண்டு. இதுவும் உனக்குத் தெரியும். தெரிந்துதானே அரைத்தாய்?

என்ன பார்த்தாய்? அதைச் சொல். அப்புறம் புத்தகத்தைக் கொண்டுவருவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறேன்.

பேட்ரிசியா


ஸ்ரீரங்கம்,
7-1-1983

ஸ்ரீ:

பேட்ரிசியா,

இந்தக் கடிதத்தைக் கோயிலுக்குப் போகிற வழியில் நானே தபால் பெட்டியில் போடுகிறேன். உள்ளே போய்ச் சேவிக்கத்தான் தைரியம் இல்லை. ஆயிரம் பேர் நெருக்கிக்கொண்டு நிற்கிற இடத்தில் வாயை மூடிக்கொண்டு எத்தனை நேரம் நிற்பது?

ஆமாம், அரைத்தேன். ஆறாம் தேதியும் ஏழாம் தேதியும்.

உன் மூன்றாம் அத்தியாயத்தைப் படிக்கக் கொடுத்தாயே, அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. நம் சேர்மத்தில் பாஸ்பரஸுக்கு ஒரு கை சும்மா இருக்கிறது. கந்தகம் வந்தால் அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறது. இன்னும் கொஞ்சம் கந்தகம் போட்டால் பாஸ்பரஸுக்கும் இரும்புக்கும் நடுவிலேயே நுழைந்து உட்கார்ந்துகொள்கிறது. செலினியம் அதையே சோம்பேறித்தனமாகச் செய்கிறது. மூன்றாவது தம்பி மட்டும் வாசலிலேயே நின்றுவிடும் என்பதை நான் நம்பவில்லை. கட்டியாகப் போட்டதால் இருக்கும், மாவாக்கிப் போட்டால் போகும் என்று தோன்றியது.

உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டால், "என் பகுதியில் உனக்கு என்ன?" என்பாய். கொஞ்சம் பொறாமையும் உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். உன் ஆய்வேடு டைப்புக்குப் போய்விட்டது, என்னுடையது போகவில்லை.

மாவாக அரைத்தேன். மூக்கில் துணி கட்டவில்லை. குழாயில் போட்டு இரண்டு மணி நேரம் குலுக்கினேன். ஆரஞ்சு நிறம் மாறி நாவல் பழச் சாறு மாதிரி ஆயிற்று. குழாயை ஜன்னலருகே தூக்கிப் பார்த்தேன். பத்தே நிமிஷத்தில், ஜன்னல் வெயில் பட்ட பக்கத்தில் கறுப்பாகப் பொடி இறங்க ஆரம்பித்தது. டெலூரியம் பிரிந்து விழுகிறது என்று புரிந்தது. எங்கள் தெரு முனை போட்டோ ஸ்டூடியோவில் வேறு எதற்கோ முன்பே வாங்கி வைத்திருந்த கறுப்புக் காகிதத்தில் குழாயைச் சுற்றி இருட்டாக்கினேன். மறுநாள் ஒரு கோடி மட்டும் பிரித்துப் பார்த்தேன். அடியில் ஊசி ஊசியாக, கருஞ்சிவப்பில், படிகம்.

எட்டாம் தேதி உன்னிடம் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். எட்டாம் தேதி காலையில்தான் மாமியார் கரண்டியைக் கீழே வைத்தார்.

குழாய் லேபின் மேல் தட்டில் கால்சியம் குளோரைடு என்று சீட்டு ஒட்டிய காலி டப்பாவுக்குள் இருக்கிறது. எடுத்துக்கொள். உடைத்தாலும் சரி, வைத்தாலும் சரி. யாரிடமும் நான் சொல்லமாட்டேன், உன் அத்தியாயம் அப்படியே போகட்டும். எனக்கு அந்தப் புத்தகத்தின் பக்கம் மட்டும் வேண்டும், என் கணவர் படிக்க.

இங்கேயே நிறுத்திவிடலாம் என்று பேனாவை மூடினேன். முடியவில்லை.

டெலூரியம் என்று ஒரு பொருள், அதில் இந்த வாசனை வரும் என்று நேற்று மாமியாரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை. ஆனால் அவர் சொன்னது இது:

"பூண்டு எனக்குத் தெரியாதாடி? அந்தப் பொண்ணு நாலு வருஷமா வந்துண்டிருக்கா. அவா ஆத்துப் பூண்டு எண்ணெயில வதங்கின வாசனை, நெஞ்சுல நிக்காது. தீபாவளிக்கு வந்தா பாரு, அன்னிக்கு வேற மாதிரி இருந்துது. பச்சைப் பூண்டைப் பித்தளைல தேய்ச்ச மாதிரி. ஊறுகாய்லேர்ந்துதான் வரதுன்னு நெனச்சுண்டேன், பண்டிகை நாளாச்சேன்னு வாயைத் திறக்கல. அதே வாசனைதான் உன்கிட்டயும்."

தீபாவளி நவம்பர் பதினைந்து. நான் அரைத்தது டிசம்பர் ஆறு. உன் அத்தியாயத்தில் கட்டியாகப் போட்டேன் என்று எழுதியிருக்கிறாய். கட்டியிலிருந்து தூசி வராது.

நீ எப்போது அரைத்தாய், பேட்ரிசியா?

வேதவல்லி


மேலப்புதூர்,
10-1-1983

வேதா,

எங்கள் வீட்டில் தினமும் பூண்டு. ரசத்தில் பூண்டு, குழம்பில் பூண்டு, வெள்ளிக்கிழமை மீனில் பூண்டு. உன் மாமியாரின் மூக்கு ஒன்றும் லேப் கருவி இல்லை. பித்தளையில் தேய்த்ததாம்! அதை வைத்து என்னை விசாரிக்கிறாயா?

உன் குழாயைத் தேடி எடுக்க எனக்கு நேரம் இல்லை. பொங்கல் லீவு முடிந்து பார்க்கலாம்.

பேட்ரிசியா


மேலப்புதூர்,
19-1-1983

(முதல் கார்டு)

சேசு மரி சூசை

வேதா,

வேண்டுமென்றேதான் கார்டில் எழுதுகிறேன். தபால்காரர் படிக்கட்டும், உத்திர வீதி முழுக்கப் படிக்கட்டும், உன் கணவரும் மாமியாரும் பசை இல்லாமலே படிக்கட்டும்.

திருமதி வேதவல்லி எங்கள் வீட்டிலோ வேறு எங்கோ பூண்டு தின்னவில்லை. எங்கள் வீட்டு ஊறுகாயில் பூண்டு இல்லை. டிசம்பர் 6, 7 தேதிகளில் காலேஜ் லேபில் டெலூரியம் என்ற பொருளை அரைத்தபோது அதன் தூசி மூச்சில் போனதால் வந்த வாசனை அது. இரண்டு மூன்று மாதத்தில் தானாகப் போய்விடும். இதைச் சொல்லும் புத்தகத்தின் பக்கத்தைக் கையால் நகல் எடுத்து அமிர்தசாமி சாரின் கையெழுத்தோடு தனியாக அனுப்பியிருக்கிறேன்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்பது அடுத்த கார்டில்.

(இரண்டாம் கார்டு)

நானும் அரைத்தேன். நவம்பர் 10, 11, 12. உனக்கு மூன்று வாரம் முன்னால். எனக்கும் நாவல் பழ நிறம் வந்தது. எனக்கும் கறுப்புப் பொடி விழுந்தது. மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் என் கண் முன்னாலேயே உதிர்ந்து போயிற்று. வெயில்தான் காரணம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கையில் நிற்காத பொருளை எழுதினால் பரீட்சகர் நூறு கேள்வி கேட்பார், பட்டம் தள்ளிப் போகும், துறையூர் போகும். "சேரவில்லை" என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டேன். சாரிடமும் சொல்லவில்லை. நோட்டுப் புத்தகத்தில் அந்த மூன்று நாள் பக்கத்தைக் கிழித்தேன். இந்த ஊரிலேயே டெலூரியம் வாசனை வீசிக்கொண்டு இரண்டு மாதமாக நான் நடந்திருக்கிறேன், எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. லைப்ரரியில் அந்த வரியைப் படித்ததும் உன்னைவிட முதலில் என்னைத்தான் நினைத்தேன். நினைத்துவிட்டு உனக்குத் திருட்டுப் பட்டம் கட்டிக் கடிதம் எழுதினேன். வெட்கமாக இருக்கிறது.

நேற்று கால்சியம் குளோரைடு டப்பாவைத் திறந்தேன். கறுப்புக் காகிதத்தின் கோடியைப் பிரித்தேன். ஊசிகள் அப்படியே இருக்கின்றன. அழுதேன்.

டைப்பிஸ்டிடமிருந்து மூன்றாம் அத்தியாயத்தைத் திரும்ப வாங்கிவிட்டேன். சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பத்து நிமிஷம் திட்டினார், அப்புறம் குழாயைக் காட்டச் சொன்னார். ஜூனுக்குள் பட்டம் வராது என்று துறையூருக்கு எழுதிவிட்டேன். உன் படிகம் உன் பெயரில்தான் போகும். நீ வந்தால்தான் அளவெடுக்க முடியும்.

பேட்ரிசியா


ஸ்ரீரங்கம்,
25-1-1983

ஸ்ரீ:

அன்புள்ள பேட்ரிசியா,

உன் இரண்டு கார்டும் அடுத்தடுத்த இரண்டு நாளில் வந்தன, புத்தகப் பக்கத்தின் நகலும் வந்து சேர்ந்தது. தபால்காரர் முதல் கார்டை என் கணவரிடம் கொடுக்கும்போதே தலையை ஆட்டிக்கொண்டு கொடுத்தார், அதனால் அவரும் படித்துவிட்டார் என்று தெரிந்தது. எதிர் வீட்டு மாமியும் படித்தாயிற்று. உன் ஆசை நிறைவேறியது.

இவர் முதல் கார்டைக் கூடத்தில் நின்று உரக்கப் படித்தார். "திருமதி வேதவல்லி" என்ற இடத்தில் நிறுத்தி, கார்டைத் திருப்பி விலாசத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், பஸ் நிலையத்தில் நின்றதைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டார். நானும் மீதியைக் கேட்கவில்லை. அது ஒரு நாளில் முடிகிற விஷயம் இல்லை. நான் போகும்போதும் வரும்போதும் சத்திரத்தில் இன்னும் கொஞ்ச நாள் என் கண் அவரைத் தேடும். இருப்பாரோ இல்லையோ, தேடும்.

மாமியார் விஷயம் வேறு. முதல் கார்டைக் கேட்டுவிட்டு, "விஷத்தையா அரைச்சே? பூண்டு தின்னுருந்தாலாவது பரிகாரம் உண்டு, இதுக்கு நான் எங்க போவேன்?" என்று என்னை உலுக்கிவிட்டார். லேபுக்கு இனிமேல் அடியோடு போகவே கூடாது என்று அன்று முழுக்க ஒரே பிடிவாதம். என் கதை முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் இரண்டாம் கார்டு வந்தது. அதை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். நீயும் அரைத்தாய், தீபாவளிக்கு முன்பே, என்ற இடத்தில் கையை ஓங்கித் தட்டினார்.

"நான் சொன்னேனோல்லியோ! ஊறுகாய் இல்ல, அந்தப் பொண்ணுதான்! என் மூக்கு தப்பு சொல்லாது."

அதிலிருந்து அவருக்கு ஒரே உற்சாகம். உன் மேல் கோபமே இல்லை. தன் மூக்கு சரி என்று ஒருத்தி தபால் கார்டில் எழுதிக் கொடுத்துவிட்டாள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். தன்னுடைய பழைய பட்டுப் புடவையின் தலைப்பைக் கிழித்து, மூக்கை மூடிக் கட்டிக்கொள்ள இரண்டு துணி தைத்திருக்கிறார். ஒன்று உனக்கு. இதைக் கட்டிக்கொண்டு அரைப்பதானால் போகலாம் என்று உத்தரவு ஆகிவிட்டது. வாசனை போகிறவரை தனித் தட்டும் கூடமும்தான், அதில் மாற்றம் இல்லை. தினமும் காலையில் அவர் முன்னால் நின்று நான் ஊத வேண்டும். "நேத்திக்குக் கொஞ்சம் கம்மி" என்று பஞ்சாங்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுகிறார். நம் நோட்டுப் புத்தகத்தைவிட ஒழுங்காக இருக்கிறது. அதில் ஒரு பக்கமும் கிழிபடவில்லை என்றும் இங்கேயே எழுதி வைக்கிறேன், இதற்கு நீ கோபித்துக்கொள்ளலாம்.

படிகத்தை என் பெயரில் மட்டும் போடக் கூடாது. முதலில் பார்த்தவள் நீ, பிடித்து வைத்தவள் நான். துறையூர் போனது எனக்கு மனசில் கனமாக இருக்கிறது. அடுத்த வருஷம் வேறு ஊர் கிடைக்கும் என்றெல்லாம் எழுதமாட்டேன், கிடைக்குமோ கிடைக்காதோ.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு லேபில் இருப்பேன். என் சாவியைப் பிச்சமுத்து அண்ணனிடம் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன், உன்னுடையதையும் கொடுத்துவிடு.

இன்னும் ஒரு செய்தி. ஞாயிற்றுக்கிழமை நீ பூசை முடிந்து இங்கே வர வேண்டும். மாமியார் சொல்லச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவளையும் ஊதச் சொல்லிப் பாக்கணும். வரச்சே ஆத்துல நன்னாப் பூண்டு சாப்ட்டுட்டே வரட்டும், ரெண்டையும் நான் பிரிச்சுச் சொல்றேன்."

உன்,
வேதா